மெய்நிகர் கணினிகளுக்கு மேக் முகவரி ஒதுக்குவது: ராமநாதபுரம் கடற்கரை அலுவலகங்களுக்கான கேள்வி பதில்

தொண்டியிலிருந்து சாயல்குடி வரை ஐஸ் பிளான்ட், மீன் கம்பெனி, லாட்ஜ், இறால் பண்ணை, பள்ளிக்கூடக் கணினி அறை எதை எடுத்தாலும் உப்புக்காற்றுக்குக் கம்ப்யூட்டர் பெட்டி நீண்ட நாள் தாங்குவதில்லை. அதனால் நான்கு பெட்டிகளில் ஓடிய வேலையை ஒரே நல்ல பெட்டிக்குள் நான்கு மெய்நிகர் கணினிகளாக (இனி வி.எம்.) அடக்குகிறார்கள். அப்படி அடக்கியதும் முளைக்கும் கேள்விகள் இவை. மேக் முகவரியில் வரும் பதினாறடிமான எழுத்துகளை இங்கே ஏ, பி, சி, டி, இ, எஃப் என்று தமிழில் எழுதியிருக்கிறோம். கருவியில் தட்டும்போது அந்தந்த ஆங்கில எழுத்தைப் போடுங்கள்.

வி.எம். என்பது வெறும் மென்பொருள்தானே, அதற்கு எதற்கு மேக் முகவரி?

நெட் கேபிள்கள் எல்லாம் வந்து சேரும் ஸ்விட்சுக்கு அது மென்பொருளா இரும்புப் பெட்டியா என்று தெரியாது. ஒவ்வொரு பாக்கெட்டிலும் அனுப்பியவர் முகவரி, பெறுபவர் முகவரி என்று இரண்டு 48 பிட் எண்கள் இருக்கும். இந்த எண்தான் மேக் முகவரி: 6 பைட், அதாவது பதினாறடிமானத்தில் 12 எழுத்து. எந்த எண் எந்தத் துளையிலிருந்து (போர்ட்) வந்தது என்பதை ஸ்விட்ச் ஒரு பட்டியலில் குறித்துக்கொண்டு, பதிலை அதே துளைக்கு அனுப்பும். பிரிட்ஜ் முறையில், அதாவது ஒரு தனிப் பெட்டி போலவே நேரடியாக, நெட்வொர்க்கில் இணையும் வி.எம். இந்த விளையாட்டில் ஒரு தனி ஆள். ஆகவே அதற்கும் தனி எண் வேண்டும். நாட் முறையில் மட்டும், அதாவது ஹோஸ்ட்டின் (வி.எம்.களைச் சுமக்கும் பெட்டி) முகவரிக்குப் பின்னால் மறைந்து ஓடும் வி.எம்.மின் எண் அந்த ஹோஸ்ட்டைத் தாண்டி வெளியே வராது. உங்களிடம் இருப்பதெல்லாம் நாட் வி.எம்.கள்தான் என்றால் இந்தப் பக்கத்தின் பெரும்பகுதி உங்களுக்குத் தேவைப்படாது.

இந்த எண்ணை யார் தருகிறார்கள்?

ராமேசுவரம் விசைப்படகு ஒன்றின் பக்கவாட்டைப் பாருங்கள். ஐஎன்டி-டிஎன்-10-எம்எம் என்று தொடங்கி, கடைசியில் வரிசை எண் இருக்கும். முன்பகுதி மேலிருந்து வருவது, பின்பகுதி அதற்குள் வரிசையாக ஏறுவது. மேக் முகவரியும் இப்படித்தான். மின்னணுத் தரங்களை வகுக்கும் ஐ.இ.இ.இ. அமைப்பின் பதிவு ஆணையம் முன்னொட்டை விற்கிறது, வாங்கிய நிறுவனம் மிச்சத்தைத் தன் கணக்கில் நிரப்பிக்கொள்கிறது.

தொகுதிகள் மூன்று அளவில் கிடைக்கும். எம்.ஏ.-எல். என்பதில் முன்னொட்டு 24 பிட், உள்ளே 1,67,77,216 முகவரிகள். எம்.ஏ.-எம். முன்னொட்டு 28 பிட், உள்ளே 10,48,576. எம்.ஏ.-எஸ். முன்னொட்டு 36 பிட், உள்ளே 4,096. கடைசி இரண்டிலும் முதல் மூன்று பைட்டைப் பலர் பங்குபோட்டுக்கொள்கிறார்கள். முதல் ஆறு எழுத்தை மட்டும் பார்த்து "இது இந்தக் கம்பெனிப் பொருள்" என்று தீர்ப்புச் சொல்லும் கருவிகள் அங்கேதான் சறுக்கும்.

விற்பனைக்குக் கருவி செய்பவருக்கும், உலகம் முழுக்கப் பரவும் மென்பொருள் எழுதுபவருக்கும்தான் தொகுதி வாங்கும் அவசியம். உங்கள் அலுவலகத்தின் இருபது வி.எம்.களுக்கு ஒரு பைசா செலவழிக்க வேண்டாம்.

காசு கொடுக்காமல் நாமே எண் வைத்துக்கொண்டால் தப்பில்லையா?

தப்பே இல்லை. அதற்கென்றே ஒரு பிட் ஒதுக்கியிருக்கிறார்கள். முதல் பைட்டின் கடைசியிலிருந்து இரண்டாவது பிட் 0 என்றால் உலகப் பொது எண், 1 என்றால் உள்ளூர் எண். கண்ணால் பார்க்க ஒரு வழி உண்டு: முகவரியின் இரண்டாவது எழுத்து 2, 6, ஏ, இ ஆகிய நான்கில் ஒன்றாக இருந்தால் உள்ளூர் எண். வலையின் மிதவையில் அவரவர் ஊரில் கட்டிக்கொள்ளும் அடையாளத் துணி மாதிரி. அந்தக் கரைக்குள் செல்லும், யாரிடமும் பதிய வேண்டாம்.

2017-இல் வந்த 802சி தரம் இந்த நான்கையும் பிரித்துக் கொடுத்துவிட்டது. இரண்டாவது எழுத்து 2 என்றால் நெட்வொர்க் நிர்வாகியின் விருப்பம். ஏ என்றால் ஐ.இ.இ.இ.யிடம் கம்பெனி அடையாளம் வாங்கியவர்களுக்கு. இ என்றால் தரப்படுத்திய ஒதுக்கீட்டு நெறிமுறைகளுக்கு. 6 எதிர்காலத்துக்கு. இந்தப் பிரிவினையை மீறினால் எதுவும் உடைந்துவிடாதுதான். ஆனாலும் புதிதாகத் தொடங்குகிறவர் 2-இலேயே நிற்பது நல்லது.

முதல் பைட்டில் எந்தத் தவறு அடிக்கடி நடக்கிறது?

ஒற்றைப்படை எண் போடுவது. முதல் பைட்டின் கடைசி பிட் 1 ஆக இருந்தால் அது குழு முகவரி (மல்டிகாஸ்ட்). 01, 03, 13 என்று தொடங்கும் எண்ணை எந்த அட்டைக்கும் சொந்த முகவரியாகக் கொடுக்க முடியாது. லினக்ஸ் உடனே மறுத்துவிடும். மறுக்காத மலிவான கருவிகளில்தான் வம்பு: கருவி அனுப்பும், பதில் திரும்பி வந்து சேராது. 02 என்று தொடங்குங்கள், இந்தக் கவலை ஒழியும்.

எந்த மென்பொருள் எந்த முன்னொட்டைப் பயன்படுத்துகிறது?

ஸ்விட்ச் பட்டியலில் ஒரு எண்ணைப் பார்த்ததும் "இது வி.எம்.மா, நிஜப் பெட்டியா" என்று பிரிக்க இது உதவும். வி.எம்.வேர்: 00:50:56, 00:0சி:29. விர்ச்சுவல்பாக்ஸ்: 08:00:27. ஹைப்பர்-வி: 00:15:5டி. ஜென்: 00:16:3இ. பிராக்ஸ்மாக்ஸ் 8.1 முதல்: பிசி:24:11. கே.வி.எம்., கியூஇஎம்யு: 52:54:00.

கடைசியது மட்டும் சாதி வேறு. 52-இன் இரண்டாவது எழுத்து 2, ஆகவே அது உள்ளூர் எண். யாரும் பதிந்து வாங்கியதில்லை, பழக்கத்தில் நிலைத்தது. கன்டெய்னர் என்ற இலகுவான வி.எம். போன்றவற்றை ஓட்டும் டாக்கர் நெடுங்காலம் 02:42 என்று தொடங்கி, பின்னால் கன்டெய்னரின் ஐ.பி.யையே ஒட்டிக்கொண்டிருந்தது. 172.17.0.2 என்றால் 02:42:ஏசி:11:00:02. அதனால் உங்கள் சொந்தத் திட்டத்துக்கு 02:42-ஐ எடுக்காதீர்கள். 02:60:8சி என்பதும் வேண்டாம்; உள்ளூர் பிட் விதி வருவதற்கு முன்பே 3காம் கம்பெனியிடம் போன பழைய முன்னொட்டு அது.

மென்பொருளே தானாக எண் போட்டுவிடுகிறது. அப்படியே விட்டால் என்ன?

ஒரே பெட்டி, நான்கு வி.எம்., யாரும் எதையும் நகலெடுக்கப் போவதில்லை என்றால் விட்டுவிடலாம். குலுக்கலில் இரண்டு எண் மோதும் வாய்ப்பு சிறியது. முன்னொட்டு போக 24 பிட் மிஞ்சுகிறது என்றால், ஒரே நெட்வொர்க்கில் 100 வி.எம். இருக்கும்போது எங்காவது ஒரு மோதல் வர வாய்ப்பு சுமார் 0.03%. 1,000 வி.எம். என்றால் கிட்டத்தட்ட 3%. 4,800-ஐ நெருங்கும்போது பாதிக்குப் பாதி. நம் பக்கத்து அலுவலகம் எதிலும் இந்த எண்ணிக்கை இல்லை.

நிஜத்தில் மோதல் குலுக்கலில் வருவதில்லை, நகலெடுப்பதில் வருகிறது. மூன்று பாதைகள்.

முதலாவது, வி.எம்.மின் கோப்புறையை அப்படியே பென்டிரைவில் எடுத்து வேறு பெட்டியில் போடுவது. வட்டுக் கோப்போடு அமைப்புக் கோப்பும் போகிறது; அதற்குள் மேக் எழுதியே இருக்கிறது. இரண்டையும் ஒரே நெட்டில் ஏற்றினால் இரட்டை.

இரண்டாவது, கியூஇஎம்யுவை மேலாண்மைக் கருவி ஏதும் இல்லாமல் நேரடிக் கட்டளையில் ஓட்டுவது. மேக் சொல்லாவிட்டால் முதல் அட்டைக்கு எப்போதும் 52:54:00:12:34:56 என்றே போடும். ஒரு ஸ்கிரிப்டை இரண்டு பேர் நகலெடுத்து இரண்டு பெட்டியில் ஓட்டினால் போதும். ஸ்விட்ச் பட்டியலில் இந்த எண்ணைக் கண்டால் யாரோ அவசரத்தில் ஓட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

மூன்றாவது ஹைப்பர்-வி. ஒவ்வொரு ஹோஸ்ட்டும் 256 முகவரி கொண்ட ஒரு குளத்தை வைத்திருக்கும். அந்தக் குளத்தின் நடு இரண்டு பைட், ஹோஸ்ட்டின் ஐ.பி.யின் கடைசி இரண்டு பகுதியிலிருந்து உருவாகிறது. 192.168.1.10 என்றால் 00:15:5டி:01:0ஏ:00 முதல் எஃப்எஃப் வரை. ஒரு சர்வரை முழுதாக அமைத்து, அதன் வட்டைப் படியெடுத்து இன்னொன்றில் ஊற்றி, ஐ.பி.யை மட்டும் மாற்றினால் குளம் மாறாது. இரண்டு ஹோஸ்ட்டும் ஒரே குளத்திலிருந்து மொண்டு கொடுத்துக்கொண்டிருக்கும். ஹைப்பர்-வி மேலாளரில் விர்ச்சுவல் ஸ்விட்ச் மேனேஜர், அதில் மேக் அட்ரஸ் ரேஞ்ச் என்ற இடத்தில் போய் இரண்டாவது ஹோஸ்ட்டின் வரம்பைக் கையால் மாற்றுங்கள். ஏற்கெனவே எண் வாங்கிவிட்ட வி.எம்.களுக்கு இது தானாகப் போகாது, அவற்றைத் தனியாகத் திருத்த வேண்டும்.

இரட்டை முகவரி வந்துவிட்டது என்று எதை வைத்துக் கண்டுபிடிப்பது?

அறிகுறி இதுதான்: இரண்டு வி.எம்.மும் மாறி மாறி வேலை செய்யும். ஒன்று நன்றாக இருக்கும்போது மற்றது செத்திருக்கும், சில விநாடியிலோ நிமிடத்திலோ தலைகீழாகும். கடைசியாக யார் பேசினாரோ அவர் துளையைத்தான் ஸ்விட்ச் நம்பும். இரண்டு பேரும் பேசப் பேசப் பட்டியல் அங்கும் இங்கும் ஆடும். நிர்வகிக்கக்கூடிய ஸ்விட்ச் என்றால் பதிவேட்டில் இந்த ஆட்டத்தை மேக் ஃபிளாப் என்று குறித்திருக்கும், இரண்டு துளை எண்ணையும் சொல்லும்.

ஐ.பி. மோதல் எச்சரிக்கை வரும் என்று காத்திருக்காதீர்கள். ஐ.பி.யைத் தானாகப் பங்கிட்டுத் தரும் டி.எச்.சி.பி. பெரும்பாலும் மேக்கைப் பார்த்து ஐ.பி. தருவதால் இருவருக்கும் ஒரே ஐ.பி.யே போயிருக்கும். ஐ.பி. மோதலைக் கண்டுபிடிக்கும் முறையோ, "இந்த ஐ.பி.க்கு வேறு மேக் பதில் சொல்கிறதா" என்று பார்ப்பது. பதில் சொல்வதும் அதே மேக் என்றால் விண்டோஸும் வாய் திறக்காது, லினக்ஸும் திறக்காது.

நம் கடற்கரையில் இன்னொரு சந்தேகத்தை முதலில் தீர்க்க வேண்டும். ஆர்ஜே45 (நெட் கேபிள் முனை) பின்னில் பச்சைக் களிம்பு பிடித்தாலும் நெட் விட்டுவிட்டு வரும். பிரிக்கும் வழி: ஸ்விட்ச் துளையின் கணக்கில் சி.ஆர்.சி. பிழை (வழியில் சிதைந்த பாக்கெட்டுகளின் எண்ணிக்கை) ஏறிக்கொண்டே போனால் அது களிம்பு, முனையை வெட்டிப் புதிதாகக் கிரிம்ப் செய்யுங்கள். சி.ஆர்.சி. பூச்சியமாக இருந்து நெட் மட்டும் மாறி மாறி வந்தால் இரட்டை முகவரி. இந்த ஒரு பார்வைக்கு 2 நிமிடம். பார்க்காமல் விட்டால் கேபிளையெல்லாம் பிடுங்கி மாட்டியும் தீராது.

லினக்ஸ் ஹோஸ்ட்டின் கெர்னல் பதிவேட்டில், தன் முகவரியையே அனுப்புநராகக் கொண்ட பாக்கெட் வெளியிலிருந்து வந்தது என்று பிரிட்ஜ் புகார் சொல்லியிருந்தால் இரண்டு காரணம் இருக்கலாம்: இரட்டை முகவரி, அல்லது கேபிளை வளையமாக மாட்டியது. வளையம் என்றால் ஸ்விட்சின் எல்லா விளக்கும் ஒன்றாகப் பித்துப்பிடித்த மாதிரி மின்னும்.

உறுதி செய்ய: சந்தேகத்துக்குரிய ஒரு வி.எம்.மின் மெய்நிகர் கேபிளை மென்பொருளிலேயே கழற்றுங்கள். மற்றது உடனே சீராகி அப்படியே நின்றால் கேஸ் முடிந்தது.

கீழக்கரைக் கிளையிலும் மண்டபம் கிளையிலும் ஒரே எண் இருந்தால்?

நடுவில் ரவுட்டர் இருந்தால் ஒன்றும் ஆகாது. மேக் ரவுட்டரைத் தாண்டுவதில்லை. ஆனால் மூன்று இடத்தில் தாண்டும்: இரண்டு கட்டடத்தையும் வயர்லெஸ் பிரிட்ஜ் போட்டு ஒரே நெட்டாக இணைத்திருந்தால், லேயர் 2 வி.பி.என். (இரு இடத்தையும் இணையம் வழியே ஒரே நெட்டாக்குவது) போட்டிருந்தால், அல்லது ஒரு நாள் கிளையை மூடிப் பெட்டியைத் தூக்கி மற்ற கிளைக்குக் கொண்டுவந்தால். மூன்றாவதுதான் அதிகம் நடப்பது. அதனால் மாவட்டம் முழுக்க ஒரே கணக்காக எண் போடுங்கள், செலவு ஒன்றுமில்லை.

அப்படியென்றால் எண் திட்டம் எப்படி வைப்பது?

நாங்கள் பரிந்துரைக்கும் அமைப்பு: 02:10:கிளை:வி.எம்.:வி.எம்.:அட்டை.

02 என்பது உள்ளூர், தனி முகவரி என்பதற்கு. 10 உங்கள் அடையாளம். படகு எண்ணின் மாவட்டக் குறியீடே நினைவில் நிற்கும் என்பதால் எடுத்தோம், வேறு எதையும் வைக்கலாம். மூன்றாவது பைட் கிளை: 01 ராமேசுவரம், 02 மண்டபம், 03 கீழக்கரை, 04 தொண்டி என்று. நான்காவதும் ஐந்தாவதும் சேர்ந்து வி.எம். வரிசை எண், 0001 முதல் 9999 வரை. ஆறாவது அந்த வி.எம்.மில் எத்தனையாவது நெட்வொர்க் அட்டை. கீழக்கரையின் 17-ஆவது வி.எம்., முதல் அட்டை: 02:10:03:00:17:01.

இதில் வேண்டுமென்றே இலக்கங்கள் மட்டும். எழுத்து வந்தால் போனில் சொல்லும்போது பி-யும் டி-யும் குழம்பும், கையெழுத்தில் 8-உம் பி-யும் குழம்பும். பதினாறடிமானத்தின் பெரும்பகுதி வீணாகிறதே என்று சிலர் வருத்தப்படுவார்கள். படட்டும்.

ஹோஸ்ட் எண்ணை முகவரிக்குள் புகுத்தாதீர்கள். பலர் செய்கிறார்கள், பார்க்க அழகாகவும் இருக்கும். ஒரு மழைக்காலத்தில் ஹோஸ்ட் மின்னலுக்குப் போய், வி.எம். வேறு பெட்டிக்கு ஏறியதும் அந்த அழகு பொய்யாகிவிடும். ஐ.பி.யையும் புகுத்த வேண்டாம், அதே காரணம்.

நோட்டு ஒன்று வேண்டும். விரிதாளாக இருக்கலாம், அச்சிட்ட நகலும் ஒன்று இருக்கட்டும். விரிதாள் இருக்கும் வி.எம்.மே படுத்துக்கொண்டால் எண் பார்க்க வழியிருக்காது. கலங்கள்: மேக், வி.எம். பெயர், எந்த நெட்வொர்க், டி.எச்.சி.பி.யில் நிலை ஐ.பி. கட்டியிருக்கிறதா, மேக்கில் பூட்டிய மென்பொருள் உரிமம் உண்டா, கொடுத்த தேதி, அழித்த தேதி. வி.எம்.மை அழித்தாலும் அந்த வரியை அழிக்காதீர்கள், எண்ணைத் திரும்பக் கொடுக்கவும் வேண்டாம். ஒரு கிளைக்கு 9,999 இருக்கிறது, சிக்கனம் தேவையில்லை. பழைய எண்ணைப் புது வி.எம்.முக்குக் கொடுத்தால் பழையவருக்குக் கட்டிவைத்த ஐ.பி.யும் ஃபயர்வால் விதியும் சேர்ந்து ஒட்டிக்கொண்டு வரும்.

எண்ணை எங்கே போய்ப் போடுவது?

எல்லாவற்றிலும் முதலில் வி.எம்.மை முழுதாக நிறுத்துங்கள்.

விர்ச்சுவல்பாக்ஸில் செட்டிங்ஸ், நெட்வொர்க், அட்வான்ஸ்டு. அங்கே இடையில் வரும் இரட்டைப் புள்ளி இல்லாமல் 12 எழுத்தையும் ஒட்டி எழுத வேண்டும்: 021003001701. குளோன் செய்யும்போது மேக் கொள்கை என்று ஒரு தேர்வு வரும், எல்லா அட்டைக்கும் புதிது என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

கே.வி.எம்.மில் விர்ஷ் எடிட் கட்டளையால் வி.எம்.மின் எக்ஸ்எம்எல்லைத் திறந்து, இன்டர்ஃபேஸ் பகுதிக்குள் இருக்கும் மேக் வரியை மாற்றுங்கள். நகலெடுக்க விர்ட்-குளோன் பயன்படுத்தினால் புது எண் அதுவே போட்டுவிடும். எக்ஸ்எம்எல்லைக் கையால் நகலெடுத்தால் பெயரும் யுயுஐடியும் (ஒவ்வொன்றுக்கும் உள்ள தனி அடையாள எண்) மோதும்போது லிப்வர்ட் (கே.வி.எம்.மை நிர்வகிக்கும் மென்பொருள்) தடுக்கும், மேக் மோதுவதை அப்படித் தடுக்கும் என்று நம்பாதீர்கள். ஹோஸ்ட்டில் பார்த்தால் இதே எண் எஃப்இ என்று தொடங்கி இன்னொன்று தெரியும். அது தப்பில்லை. பிரிட்ஜ் தன் துளைகளில் இருக்கும் மிகச் சிறிய மேக்கைத் தனக்கு எடுத்துக்கொள்ளும் வழக்கமுடையது. வி.எம். ஏறி இறங்கும்போதெல்லாம் ஹோஸ்ட்டின் முகவரி மாறாமலிருக்க, ஹோஸ்ட் பக்க முனைக்கு லிப்வர்ட் பெரிய எண்ணாகப் போடுகிறது.

ஹைப்பர்-வியில் நெட்வொர்க் அடாப்டரின் அட்வான்ஸ்டு ஃபீச்சர்ஸ், அதில் ஸ்டாட்டிக்.

வி.எம்.வேரில் 00:50:56:00:00:00 முதல் 00:50:56:3எஃப்:எஃப்எஃப்:எஃப்எஃப் வரை கைமுறை ஒதுக்கீட்டுக்கென்று விட்டிருக்கிறார்கள். அதற்கு மேல் 80 முதல் பிஎஃப் வரை வி-சென்டர் தானாகக் கொடுப்பது. வி.எம்.வேருக்கு மட்டும் நம் 02 திட்டத்தை விட்டுவிட்டு 00:50:56:03:00:17 போல அந்த வரம்புக்குள் எழுதுவதே வம்பில்லாதது. நோட்டில் அதையும் ஏற்றுங்கள்.

மேக்கை மாற்றிவிட்டோம். ஆனாலும் இரண்டு உபுண்டு வி.எம்.முக்கும் ஒரே ஐ.பி. வருகிறதே?

இது பலரை ஒரு நாள் முழுக்க அலைக்கழிக்கும். புதிய உபுண்டு சர்வர்கள் டி.எச்.சி.பி.யிடம் போகும்போது மேக்கைக் காட்டி நிற்பதில்லை. ஈடிசி அடைவில் இருக்கும் மெஷின்-ஐடி கோப்பிலிருந்து பிறக்கும் ஓர் அடையாளத்தைக் காட்டுகின்றன. வட்டைப் படியெடுத்தால் அந்தக் கோப்பும் படியாகிவிடும். மேக் வேறு, அடையாளம் ஒன்று, எனவே டி.எச்.சி.பி.யின் கண்ணில் இருவரும் ஒருவரே.

நகலெடுக்கும் முன் மூல வி.எம்.மில் மெஷின்-ஐடி கோப்பைக் காலி செய்யுங்கள். அழிக்காதீர்கள், 0 பைட்டாக்குங்கள். அடுத்த தொடக்கத்தில் புதிதாக எழுதிக்கொள்ளும். ஏற்கெனவே நகலெடுத்தாயிற்று என்றால் நகலில் இதைச் செய்து மறுதொடக்கம். அல்லது நெட்பிளான் (உபுண்டுவின் நெட்வொர்க் அமைப்பு) கோப்பில் டி.எச்.சி.பி. அடையாளம் மேக் என்று ஒரு வரி சேர்க்கலாம். எஸ்.எஸ்.எச். ஹோஸ்ட் சாவிகளும் இதேபோல் படியாகியிருக்கும், அவற்றையும் புதிதாக்குங்கள்.

மேக் மாற்றியதும் நெட்டே வரவில்லை.

உள்ளே ஏதோ ஒரு கோப்பு பழைய எண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. நெட்பிளானில், குறிப்பாக முதல் தொடக்கத்தில் வி.எம்.மை அமைக்கும் கிளவுட்-இனிட் எழுதிய கோப்பில், மேட்ச் என்பதற்குக் கீழ் மேக் இருக்கும். சென்ட்ஓஎஸ் 6 போன்ற பழையவற்றில் யுடெவ் விதிக் கோப்பு பழைய மேக்கை ஈத்0 என்று பதிந்து வைத்திருப்பதால் புதியது ஈத்1 ஆக எழும்பும். அந்த வரியைத் திருத்தி மறுதொடக்கம் செய்யுங்கள்.

மடிக்கணினியில் வைஃபை வழியாக வி.எம்.மை பிரிட்ஜ் செய்தால் ஏன் ஓடுவதில்லை?

வைஃபை ஆக்சஸ் பாயின்ட், தன்னிடம் சேர்ந்து அனுமதி பெற்ற மேக்குக்கு மட்டுமே சேவை செய்யும். சேர்ந்தது மடிக்கணினி, வி.எம். சேரவில்லை. வி.எம்.மின் எண்ணோடு போகும் பாக்கெட்டை அது தூக்கிப் போட்டுவிடும். விர்ச்சுவல்பாக்ஸ் போன்றவை எண்ணை நடுவில் மாற்றிச் சமாளிக்கப் பார்க்கும், எல்லா இடத்திலும் பலிக்காது. வைஃபை என்றால் நாட் வைத்துக்கொள்ளுங்கள். பிரிட்ஜ் வேண்டுமென்றால் கேபிள்.

வி.எம். ஏற்றியதும் ஸ்விட்ச் அந்தத் துளையையே அணைத்துவிட்டது.

போர்ட் செக்யூரிட்டி. ஒரு துளைக்கு இத்தனை மேக்தான் என்று வரம்பு இருக்கும், சிஸ்கோவில் இயக்கினால் இயல்பாக 1. ஹோஸ்ட் ஒன்று, வி.எம். நான்கு என்றால் குறைந்தது 5 என்று உயர்த்தி, அணைந்த துளையை மறுபடி இயக்கச் சொல்லுங்கள்.

இதன் தம்பிதான் இணைய இணைப்புப் பிரச்சினை. உள்ளூர்க் கேபிள்காரர் பலர் வாடிக்கையாளரின் ரவுட்டர் மேக்கைத் தங்கள் பக்கம் பூட்டி வைக்கிறார்கள். ஐப்பசி இடிக்கு ரவுட்டர் எரிந்து புதிது மாட்டினால் எல்லா விளக்கும் எரியும், நெட் வராது. புது ரவுட்டரின் வான் (இணையக் கேபிள் மாட்டும் துளை) அமைப்புப் பக்கத்தில் மேக் குளோன் என்ற இடத்தில் பழைய பெட்டியின் அடிப்பக்க ஸ்டிக்கரில் உள்ள எண்ணைப் போடலாம். அல்லது போன் செய்து புது எண்ணைப் பதியச் சொல்லலாம். ஸ்டிக்கர் உப்புக்காற்றில் அழிந்துவிடும், வாங்கிய அன்றே நோட்டில் ஏற்றுங்கள்.

ஹோஸ்ட் துருப்பிடித்துப் போயிற்று, வி.எம்.மை வேறு பெட்டிக்கு மாற்றுகிறோம். எண்ணை மாற்ற வேண்டுமா?

மாற்றக் கூடாது. மாற்றினால் நிலை ஐ.பி., ஃபயர்வால், மேக்கில் பூட்டிய கணக்கு மென்பொருள் உரிமம் எல்லாம் அறுந்துபோகும். வி.எம்.வேர் புதுப் பெட்டியில் முதல் முறை திறக்கும்போது "நகர்த்தினீர்களா, நகலெடுத்தீர்களா" என்று கேட்கும். பழையதை நிரந்தரமாக மூடிவிட்டீர்கள் என்றால் நகர்த்தினேன், எண் அப்படியே நிற்கும். பழையதும் ஓடப் போகிறது என்றால் நகலெடுத்தேன், புது எண் வரும். என்ன கேட்கிறது என்று பார்க்காமல் முதல் பொத்தானை அமுக்குவதே பாதிச் சிக்கலுக்கு வேர்.

பழைய பெட்டி "எப்போதாவது உதவும்" என்று மூலையில் கிடக்குமானால், அதன் வி.எம்.களின் தானியங்கித் தொடக்கத்தை அணைத்துவிடுங்கள். கரண்ட் போய் வந்ததும் அது தானாக எழுந்து, இரட்டையாக நெட்டில் நிற்கும்.

இறால் பண்ணை சென்சார் போர்டுகளுக்கும் இதே விதியா?

போர்டைப் பொறுத்தது. இஎஸ்பி32 சிப்புக்குள் தொழிற்சாலையிலேயே ஓர் அடிப்படை மேக் எரித்து வைத்திருக்கும். வைஃபைக்கு அதே எண், அதன் சொந்த ஆக்சஸ் பாயின்ட்டுக்கு ஒன்று கூட்டி, புளூடூத்துக்கு இரண்டு கூட்டி, ஈதர்நெட்டுக்கு மூன்று கூட்டி எடுத்துக்கொள்ளும். நீங்கள் தொட வேண்டாம்.

டபிள்யூ5500, இஎன்சி28ஜே60 போன்ற ஈதர்நெட் சிப்புகளில் எண்ணே இருக்காது, நிரலில் எழுத வேண்டும். அங்கேதான் எல்லாரும் அர்டுயினோ மாதிரி நிரலில் இருக்கும் டிஇ:ஏடி:பிஇ:இஎஃப்:எஃப்இ:இடி என்ற வேடிக்கை எண்ணை அப்படியே விட்டுவிடுகிறார்கள். ஒரு குளத்துக்கு ஒரு போர்டு இருந்தவரை ஓடும். இரண்டாவது குளத்துக்கு அதே நிரலை ஏற்றியதும் இரண்டு குளத்தின் ஆக்சிஜன் அளவும் மாறி மாறி வரும். நள்ளிரவில் ஏரேட்டரை ஓட்டுவதா வேண்டாமா என்பது இந்த அளவை நம்பித்தான் நடக்கிறது. இது விளையாட்டுச் சமாச்சாரம் இல்லை.

போர்டு பத்துக்குள் என்றால் நம் 02:10 திட்டத்திலேயே ஒரு கிளை எண்ணைப் பண்ணைக்கு ஒதுக்கி, முகவரியை நிரலுக்குள் எழுதாமல் இஇபிராமில் (மின்சாரம் போனாலும் அழியாத சிறு நினைவகம்) எழுதுங்கள். அப்போது நிரல் எல்லாப் போர்டுக்கும் ஒன்றே, எண் மட்டும் வேறு. போர்டை விற்கப் போகிறீர்கள் என்றால் மைக்ரோசிப்பின் 24ஏஏ02இ48 போன்ற சிப்பைச் சேர்க்கலாம். அதில் உலகப் பொது எண் ஒன்று ஏற்கெனவே எழுதியிருக்கும், எஃப்ஏ முதல் எஃப்எஃப் வரையான ஆறு பைட்டில் படித்துக்கொள்ள வேண்டியதுதான். தனித் தொகுதி வாங்கும் செலவு மிச்சம்.

மென்பொருள் எழுதுகிறோம். கணினியை அடையாளம் காண மேக்கைப் பயன்படுத்தலாமா?

வேண்டாம். வி.எம்.மில் அது ஒரு வரி எழுத்து, யாரும் மாற்றலாம். மடிக்கணினியில் வைஃபை, கேபிள், டாக் என்று மூன்று இருக்கும், எது முதலில் வரும் என்பது நாளுக்கு ஒன்று. ஆண்ட்ராய்டு 6 முதல் செயலி தன் வைஃபை மேக்கைக் கேட்டால் எல்லாப் போனிலும் 02:00:00:00:00:00 என்ற ஒரே பதில்தான் கிடைக்கும். நிறுவும்போதே ஒரு குலுக்கல் யுயுஐடியை உண்டாக்கிச் சேமித்துக்கொள்ளுங்கள்.

யுயுஐடியின் 1-ஆம் வகை தனக்குள் மேக்கைச் சுமக்கிறது. அதே வகை வேண்டும், ஆனால் மேக் வெளியே தெரியக் கூடாது என்றால் அந்த இடத்தில் குலுக்கல் எண் போட்டு, குழு பிட்டை 1 ஆக்கச் சொல்கிறது ஆர்.எஃப்.சி. 9562 என்ற இணையத் தர ஆவணம். நிஜ அட்டை எதற்கும் அந்த பிட் 1 ஆக இருக்காது. ஆகவே நிஜ மேக்கோடு அது ஒருபோதும் மோதாது. கையேட்டில் மாதிரிக்கு மேக் எழுத வேண்டியிருந்தால் 00:00:5இ:00:53:00 முதல் எஃப்எஃப் வரை ஆவணங்களுக்கென்றே ஒதுக்கியிருக்கிறார்கள். வேறு எண் எழுதினால் யாராவது அதை அப்படியே நகலெடுப்பார்கள் என்பதற்கு மேலே சொன்ன அர்டுயினோ எண்ணே சாட்சி.

ஒன்று விழுந்தால் மற்றது ஏற்கும்படி இரண்டு ரவுட்டரை வி.ஆர்.ஆர்.பி.யில் இணைத்தால்?

அதன் மெய்நிகர் முகவரி 00:00:5இ:00:01, கடைசி பைட் நீங்கள் கொடுக்கும் குழு எண். ஒரே நெட்டில் இரண்டு ஜோடி இருந்தால் குழு எண்ணை வேறுவேறாக வையுங்கள். இரண்டு பேரும் 1 என்று விட்டுவிடுவதே வழக்கமான தவறு.

லாட்ஜில் விருந்தினர் போன் எண்ணெல்லாம் நோட்டில் ஏற்ற வேண்டுமா?

வேண்டாம், ஏற்றினாலும் பயனில்லை. ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் போன்கள் ஒவ்வொரு வைஃபைக்கும் ஓர் உள்ளூர் எண்ணைத் தாங்களே குலுக்கிப் போட்டுக்கொள்கின்றன. பட்டியலில் இரண்டாவது எழுத்து 2, 6, ஏ, இ என்றே குவிந்திருப்பது அதனால்தான். லாட்ஜில் கவனிக்க வேண்டியது டி.எச்.சி.பி. குத்தகை நேரம். ஆடி அமாவாசை, தை அமாவாசைக் கூட்டத்தில் 24 மணி நேரக் குத்தகை வைத்தால், காலையில் கிளம்பிப்போனவர் ஐ.பி.யைக் கையிலேயே கொண்டுபோன மாதிரி. 250 சொச்சம் ஐ.பி.யும் மதியத்துக்குள் தீர்ந்துவிடும். 2 மணி நேரம் போதும். வி.எம்.களை இந்த விருந்தினர் நெட்டில் சேர்க்காமல் தனி விலானில் (ஒரே ஸ்விட்சுக்குள் பிரித்த தனி நெட்வொர்க்) வையுங்கள்.

நோட்டில் உள்ள மேக்குக்கு மட்டும் அனுமதி என்று வைத்தால் பாதுகாப்புதானே?

தவறுதலாக மாட்டியவரை அது தடுக்கும், வேண்டுமென்று வருபவரைத் தடுக்காது. வைஃபையில் கடவுச்சொல் இருந்தாலும் மேக் முகவரி மறையாமல்தான் காற்றில் போகிறது. கேட்டுக்கொண்டிருப்பவர் அதை எடுத்துத் தன் அட்டையில் போட்டுக்கொள்ள ஒரு கட்டளை போதும். அதே காரணத்துக்காக ஹோஸ்ட் பக்கம் ஒன்றைச் செய்துவையுங்கள்: வி.எம்.வேரில் ஃபோர்ஜ்டு டிரான்ஸ்மிட்ஸ், மேக் அட்ரஸ் சேஞ்சஸ் (வி.எம். வேறு எண்ணில் பேச அனுமதிப்பவை) இரண்டையும் ரிஜெக்ட்டில் வையுங்கள். ஹைப்பர்-வியில் மேக் ஸ்பூஃபிங் இயல்பாகவே அணைந்திருக்கும், அப்படியே இருக்கட்டும். வி.எம்.முக்குள் இன்னொரு வி.எம். ஓட்டும்போது மட்டும், அந்த ஒரு வி.எம்.முக்கு மட்டும் திறந்துவிடுங்கள்.